அசையாத்துரைக்குக் கிடைத்த பட்டம்

அசையாத்துரைக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. சினிமாவில் பிணமாகவே நடித்து நடித்து, படப்பிடிப்பில் வாங்கிய பெயர் இது. குளத்தில் மிதந்திருக்கிறார், தண்டவாளத்தில் கிடந்திருக்கிறார், கதாநாயகியின் கண்ணீர் மூக்கில் சொட்டச் சொட்ட அவளுடைய அப்பாவாகப் படுத்திருக்கிறார். ஒருமுறை கட்டெறும்பு காதுக்குள் புகுந்தபோதும் மனுஷர் அசையவில்லை. டைரக்டர் "கட்" சொன்ன பிறகுதான் துள்ளிக் குதித்தார்.

மகளைக் கட்டிக்கொடுக்கும்போது "அப்பா சினிமா நடிகர்" என்று சொல்லியிருந்தார்கள். பொய்யில்லைதான். ஆனால் சம்பந்தியம்மா லேசில் நம்புகிற ஆளா? "உங்கப்பாவை எந்தப் படத்துலயும் பாத்த ஞாபகமே இல்லையே" என்று மருமகளைக் குத்திக்கொண்டே இருந்தார். பிண வேஷம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. சிரித்து மழுப்புவாள். அப்பாவிடம் போனில் பேசும்போது மட்டும் குரல் கம்மும். அதுதான் அசையாத்துரைக்குப் பொறுக்கவில்லை. தன்னை யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், பெண் ஏன் போன இடத்தில் தலைகுனிய வேண்டும்?

இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை புது டிவி வாங்கினார். படம் ஓடும்போது ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். திரையில் இருப்பவர் யார், அவர் போட்டிருக்கும் சட்டை எந்தக் கடையில் கிடைக்கும் என்பதுவரை அதுவே கண்டுபிடித்து எழுதிக் காட்டும். சம்பந்தியம்மா உடனே போன் போட்டார். "ஞாயித்துக்கிழமை வந்துடுங்க சம்பந்தி. உங்க படத்தைப் போட்டுப் பாத்துடுவோம்."

அசையாத்துரை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். சாவு வீட்டுக் காட்சி வந்தது. நடுக்கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினார். கதாநாயகியின் பெயர் வந்தது. மூலையில் அழுத பெரியவரின் பெயர் வந்தது. வாசலில் படுத்திருந்த நாய் என்ன இனம் என்றுகூட வந்தது. அசையாத்துரையின் மேல் வந்த எழுத்து: "பொம்மை."

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் சம்பந்தியம்மா. "உங்களை மாதிரியே ஒரு பொம்மை செஞ்சு வெச்சிருக்காங்க. அதைப் போய் நடிப்புன்னு சொல்லிட்டீங்களே!"

மகளின் முகம் தொங்கிப்போனது.

அசையாத்துரைக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எத்தனை டைரக்டர்களிடம் செத்திருப்பார்! "நல்லா செத்தீங்க" என்று ஒருவராவது வாய் திறந்து சொன்னதுண்டா? இந்த டிவி சொல்லிவிட்டதே!

"மாப்பிள்ளை, இந்த வித்தை உங்க போன்லயும் இருக்குமா?"

"இருக்கு மாமா."

"நான் படுத்ததும் என்னைக் காட்டுங்க."

சோபாவில் சாய்ந்தார். செத்தார். தாடை இறங்கியது, ஒரு கை துவண்டு தரையைத் தொட்டது, மூச்சு போன இடம் தெரியவில்லை. மாப்பிள்ளை போனை நீட்டினார். அது கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதியது: "பொம்மை."

"அம்மா, இங்க பாரேன்!" என்று மாப்பிள்ளை கத்தினார். சம்பந்தியம்மா எங்கே போனைப் பார்த்தார்? சம்பந்தியின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போயிருந்தார்.

"சம்பந்தி! ஐயையோ, விளையாட்டுக்குத்தானே சொன்னேன்! நீங்க நடிகர்தான், பெரிய நடிகர்தான், எழுந்திருங்க!"

அசையாத்துரை அசையவில்லை. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"அத்தை, அப்படிச் சொன்னா எழுந்திருக்க மாட்டார். கட் சொல்லுங்க."

"கட்! கட்! கட்!" என்று சம்பந்தியம்மா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.