மீன் ஏற்றிய வண்டியில் வாழைக்குலை

பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் கடைசி வாங்கில் குனிந்துகொண்டு இருந்தவள் நான். ஓ.எல். பரீட்சையோடு அந்தப் பயமும் முடிந்தது என்று நினைத்திருந்தேன். நாலு பேர் முன்னால் கதைக்கவே கூச்சப்படுகிற நான், ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியதைப் பெரிய விஷயமாக எழுத வந்திருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பண்டத்தரிப்பில் எங்களுக்கு ஒரு வாழைத்தோட்டம் இருக்கிறது. குலைகளை மருதனார்மடம் சந்தைக்கு என் கணவர்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவார். ஒருநாள் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையின் முடக்கில் திரும்பும்போது மணலில் வண்டி சறுக்கியது. இரண்டு பக்கமும் குலை தொங்கிய அந்த உயரமான வண்டியில் அவருக்குக் கால் ஊன்ற எட்டவில்லை. முழங்கால் போனது. வண்டியும் போனது. பிறகு வியாபாரி தோட்டத்துக்கே வந்து, தான் சொன்ன விலைக்குக் குலையை வெட்டிக்கொண்டு போனார். எனக்குப் பேரம் பேச வாய் வராது என்பது அவருக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. ஒரு மாரி முழுக்க அப்படியே போனது. எங்கள் குலையை இனி நானே சந்தைக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தேன்.

லைசன்ஸ் என்னிடம் இருந்தது. பெண் என்றால் ஸ்கூட்டிதான் என்று எல்லோரும் சொன்னார்கள், கணவர் உட்பட. ஸ்கூட்டியில் கடைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். ஆனால் அதன் சின்னச் சில்லு எங்கள் ஒழுங்கையின் பள்ளம் கிடங்குகளில் துள்ளும். துள்ளினால் குலை இடிபடும். இடிபட்ட காய் சில மணித்தியாலத்தில் கறுத்துவிடும், கறுத்த காயை யாரும் எடுக்கமாட்டார்கள். எனக்கு வேண்டியது பெரிய சில்லும் தாழ்ந்த சீற்றும் உள்ள, காலைத் தூக்கிப் போட்டு ஏறத் தேவையில்லாத ஒரு சின்னக் கியர் வண்டி. பின்னால் நல்ல இரும்புக் கரியரும் வேண்டும். புது வண்டியின் விலை எங்களுக்கு எட்டாது. பழையதும் எங்கள் பக்கத்தில் யானை விலை.

பருத்தித்துறையில் அப்படி ஒன்று மலிவாக நிற்கிறது என்று கணவர்தான் போனில் விசாரித்து அறிந்தார். உடனே அவரே அதை வேண்டாம் என்றும் சொன்னார்.

"அது மீன் வண்டியப்பா. அந்தாள் அதிலைதான் பெட்டி கட்டி மீன் விக்கிறது. எங்கடை குலை கோயிலுக்குப் போற குலை."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கப்பல் என்கிற இனமான எங்கள் வாழைக்குலைகளில் பாதியைக் கோயில் காரியங்களுக்கும் வெள்ளிக்கிழமை விரதக்காரர்களுக்கும்தான் எடுப்பார்கள். ஒரு குலையில் மீன் வெடில் மணக்கிறது என்று ஒருவர் சொன்னால் போதும், சந்தை முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு அந்த வியாபாரியிடம்தான் திரும்பிப் போகவேண்டும்.

ஆனாலும் ஒரு வியாழக்கிழமை விடிய ஒரு முத்தின குலையைச் சருகில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். யாழ்ப்பாணத்தில் இறங்கி அடுத்த பஸ். இரண்டிலும் சனம் குலையை இடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. கொண்டக்டர் குலைக்கும் ஒரு ரிக்கற் எடுக்கட்டாம் என்று பகிடி விட்டார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வண்டிக்காரர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். மீன் விற்க ஓட்டோ வாங்கிவிட்டதால் இதை விற்கிறார். வீட்டுப் படலையில் நின்று என்னையும் குலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தங்கச்சி வண்டி வாங்க வந்தனீங்களோ, பழம் விக்க வந்தனீங்களோ?"

"இதைக் கட்டி ஓடிப் பாக்கவேணும் அண்ணை."

"உங்கடை பக்கத்து ஆக்கள் மூண்டு பேர் வந்தவை. ஒருத்தரும் ஏறி இருக்கேல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போட்டினம்." சிரித்துக்கொண்டே மீன் பெட்டியைக் கழற்றினார். குலையையும் அவரே கட்டித் தந்தார், என்னைவிடத் திறமாக.

கடற்கரை றோட்டால் போய் வந்தேன். வேண்டுமென்றே கிடங்குகளில் விட்டேன். நிறுத்திய இடமெல்லாம் இரண்டு காலும் நிலத்தில் ஊன்றின. பிறகு செயினையும் சில்லுக் கம்பிகளையும் குனிந்து பார்த்தேன். உப்புக்காற்றில் நிற்கிற வண்டி கறள் பிடித்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கும் எண்ணெய் பூசியிருந்தது. தினமும் நல்ல தண்ணீரில் கழுவுவாராம். விலையைக் கேட்டேன். என் கையில் இருந்ததைவிடக் குறைவாகவே சொன்னார். பேரம் பேசாமல் கொடுத்தேன். அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெற்றோல் காசு என்று ஒரு தாளைத் திருப்பித் தந்தார்.

குலையோடேயே வீட்டுக்கு ஓடினேன். மரம் ஒன்றுமில்லாத வல்லை வெளியில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. ஒரு இடத்தில் நிறுத்தி, கால் ஊன்றி, மூச்சு விட்டுவிட்டுத் திரும்ப ஓடினேன்.

கணவர் நொண்டிக்கொண்டு வந்து முதலில் குலையை அவிழ்த்துப் பார்த்தார். கறுத்திருந்தது பஸ்ஸில் இடிபட்ட சீப்பு ஒன்றுதான். பிறகு கரியரில் மூக்கை வைத்தார்.

"வெடில் அடிக்குது."

"கழுவுவம்."

"சந்தையிலை கேட்டால் என்ன சொல்லப்போறீர்?"

"மீன் ஏத்தின வண்டி எண்டுதான் சொல்லுவன்."

கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் நான் அவருக்கு அப்படி ஒரேயடியாகப் பதில் சொன்னது குறைவு. அவர் திரும்பி உள்ளே போனார். கோபம் என்று நினைத்தேன். அடுப்புச் சாம்பலும் சாறு பிழிய நாலு தேசிக்காயும் கொண்டு வந்தார். முழங்காலை நீட்டிக்கொண்டு ஒரு பலகையில் இருந்து கரியர்க் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். நான் கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினேன். இருட்டும் நேரம் அவர் திரும்பவும் மணந்து பார்த்தார். இனித் தேசிக்காய்தான் மணக்குது என்றார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மூன்று குலை கொண்டுபோனேன். வழக்கமாகக் கோயிலுக்குப் பழம் எடுக்கும் அம்மா, வண்டி எங்கே வாங்கினது என்று கேட்டார். பருத்தித்துறையில், மீன் ஏற்றின வண்டி, கழுவினது என்று சொன்னேன். அவர் குலையை மணந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டும் பத்து மணிக்கு முன்னம் போயின. வரும் வழியில் பருத்தித்துறை அண்ணை திருப்பித் தந்த தாளுக்குப் பெற்றோல் அடித்தேன்.