தேத்தண்ணி வேண்டாம் என்ற மனுசன்

என் கணவரிடம் நான் கண்ட ஒரே கெட்ட பழக்கம் தேத்தண்ணி. பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடிந்து வந்தால் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே, "இஞ்சாரும், ஒரு தேத்தண்ணி" என்பார். அப்படிப்பட்டவர் எண்பதுகளின் கடைசியில் ஒருநாள், "இனி எனக்குத் தேத்தண்ணி போடாதையும்" என்றபோது, காய்ச்சலோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன்.

காய்ச்சல் இல்லை, வேதம். லண்டனில், மோர்டன் பக்கம் நாங்கள் இருந்த வீட்டுக்கு, வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக இரண்டு அமெரிக்கப் பொடியன்கள் மழையில் நனைந்தபடி வந்து கதவைத் தட்டினார்கள். பாவம் பார்த்து உள்ளே கூப்பிட்டவள் நான்தான். தேத்தண்ணி கொடுத்தேன், சிரித்துக்கொண்டே வேண்டாமென்றார்கள். மோர்மன் என்ற கிறிஸ்தவ சபைக்காரராம். பிறகு கிழமைக்குக் கிழமை வந்தார்கள். நான் ஹைகேட் கோயில் முருகனை விடவில்லை. இவர் அவர்களோடு போய் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். நாள் முழுக்கக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து சில்லறை கொடுக்கிற மனிதரை யாரோ பக்கத்தில் இருத்தி, சுகம் கேட்டு, ஆறுதலாகக் கதைத்தது அவருக்குப் பிடித்துவிட்டது. அது எனக்கு விளங்கியது. அதனால் சாமிக்காக நான் சண்டை பிடிக்கவில்லை. தேத்தண்ணிக்காகத்தான் பிடித்தேன்.

அந்தச் சபையில் சாராயமும் சிகரெட்டும் கூடாது என்றது எனக்குச் சந்தோசம். "சூடான பானம் கூடாது" என்றதுதான் குழப்பியது. சூடு என்றால் எங்களுக்கு உடம்புச் சூடு. நண்டு சூடு, மாம்பழம் சூடு, முருங்கைக்கீரையைப் பற்றி ஆளுக்கொரு கதை. "அப்ப நண்டுக் கறியும் இல்லையோ?" என்று கேட்டேன். இவருக்கே சந்தேகம் வந்து அந்தப் பொடியன்களிடம் விசாரித்தார். நண்டுக்குத் தடையில்லை என்று பதில் வந்தது. பிறகு தேத்தண்ணியை நன்றாக ஆற வைத்து முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"ஆறினாலும் தேத்தண்ணி தேத்தண்ணிதான்" என்றார்.

சூடான பானம் என்று எழுதியிருந்தாலும் அதற்குக் கருத்து தேயிலையும் கோப்பியும்தானாம். கொதிக்கக் கொதிக்க மல்லித்தண்ணி குடிக்கலாம், சொக்லேட் கரைத்துக் குடிக்கலாம், ரசம் குடிக்கலாம். "சூடு எண்டு சொல்லியிருக்கு, ஆனால் சூட்டைப் பற்றிச் சொல்லேல்லை. நல்ல வேதம்!" என்று நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. கோலாவில் கஃபீன் இருக்கிறதே, அது ஆகுமா என்று கேட்டால் அந்தப் பொடியன்களுக்குள்ளேயே ஒரு முடிவில்லை. ஒருவர் குடித்தார், மற்றவர் தொடவில்லை. என் கணவர் எதிலும் கடும்பிடிக்காரர். கோலாவையும் விட்டுவிட்டு லெமனேட் சோடாவில் வந்து நின்றார்.

அந்த லெமனேட்தான் என் தங்கையின் கல்யாணத்தைக் குழப்பப் பார்த்தது.

தங்கை எங்களோடு இருந்து படித்தவள். கவுன்சிலில் வேலை செய்த ஒருவரை விரும்பினாள். அமைதியான, நல்ல பிள்ளை. ஊரில் அவர் வீட்டார் எங்களுக்கு அடுத்த கிராமம்தான். ஆனால் எங்கள் ஆட்கள் அவர்களை முற்றத்தோடு மறித்து வைத்திருந்தார்கள். சாதி என்ற சொல்லைச் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற ஊர் அது. அம்மாவும் அப்பாவும் சண்டைக்குள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களோடு கதைக்க வழியில்லை. லண்டனில் தங்கைக்குப் பெரியவர் என்று இவர்தான். "பிள்ளைக்குப் பிடிச்சால் எனக்கும் பிடிக்கும். கடவுளுக்கு முன்னாலை எல்லாரும் ஒண்டுதான்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். எனக்கு அன்றைக்கு அவருடைய சபை மேல் மரியாதையே வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் தகப்பன் மகனோடு ஆர்ச்வேயில் இருந்தார். மனைவி இறந்தபின் தனி ஆளாக மகனை வளர்த்து ஆளாக்கியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நானும் இவரும் கல்யாணம் பேச அங்கே போனோம். ஐயா எங்களுக்காகக் கோட் போட்டுக்கொண்டு காத்திருந்தார். தானே தேத்தண்ணி ஊற்றி, புதுக் கோப்பைகளில் கொண்டுவந்து, இவருக்கு முதலில் நீட்டினார்.

இவர் கும்பிட்டு, "நான் குடிக்கிறேல்லை ஐயா" என்றார்.

ஐயாவின் கை அப்படியே நின்றது. "கோப்பி போடட்டோ?"

"அதுவும் இல்லை."

அதோடு வாயை மூடியிருக்கலாம். வயதானவர் மனம் நோகக்கூடாது என்று நினைத்து, "போத்தல்லை லெமனேட் இருந்தால் தாங்கோ, அது காணும்" என்றார்.

எனக்குத் தலை விறைத்துவிட்டது. ஊரில் எங்கள் ஆட்கள் நன்மை தீமைக்கு அவர்கள் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்று வந்தால், அங்கே சோடா மட்டும்தான் குடிப்பார்கள். மூடி திறக்காத போத்தல், அந்த வீட்டார் கை படாதது. வந்தோம் என்றும் ஆயிற்று, அவர்கள் வீட்டில் ஒன்றும் தொடவில்லை என்றும் ஆயிற்று. இவர் கொழும்பில் அரசாங்கக் குவாட்டர்சில் பிறந்து வளர்ந்தவர். இந்த விளையாட்டு ஒன்றும் அவருக்குத் தெரியாது.

மாப்பிள்ளை ஒரு போத்தல் எடுத்துவந்தார். ஐயா அதை வாங்கி மேசையில் வைத்து, "நீங்களே திறவுங்கோ" என்றார். இவர் நன்றி சொல்லித் திறந்து, ருசித்துக் குடித்தார். நான் என் கோப்பையை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தேன். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கல்யாணப் பேச்சை எடுக்கவே இடம் வரவில்லை.

அடுத்த நாள் மாப்பிள்ளை தங்கைக்குப் போன் பண்ணினார். தன் வீட்டுக் கோப்பையில் வாய் வைக்காத ஆட்களோடு சம்பந்தம் வேண்டாம் என்று ஐயா சொல்லிவிட்டாராம். ஐயாவை மீறி அவரால் ஏலாதாம். தங்கை பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இவரைப் பிடித்து உலுப்பிவிட்டேன். சோடாவின் கருத்து என்னவென்று நான் சொல்லச் சொல்ல இவரின் முகம் வெளிறிப்போனது.

"சத்தியமாய் எனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாமல் வளர ஏலும். அவருக்கு ஏலாது" என்றேன். "வாற ஞாயிறு போய் ஒரு கோப்பை தேத்தண்ணி குடியுங்கோ. எல்லாம் சரிவரும்."

"வாக்குக் குடுத்திட்டன். குடிக்க மாட்டன். அந்த மனுசனை ஏமாத்தவோ சொல்லுறீர்? ஆனால் போவன்."

உங்கள் கடவுள் ஒரு வாய்த் தேத்தண்ணியைப் பொறுக்கமாட்டாரோ என்று கத்தினேன். அந்தக் கிழமை முழுக்க அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆர்ச்வே. ஐயா கதவைத் திறந்து உள்ளே விட்டார், இருக்கச் சொல்லவில்லை. இவர் நின்றபடியே சொன்னார்.

"ஐயா, நான் மோர்மன். தேயிலை, கோப்பி ஒருத்தர் வீட்டிலையும் குடிக்கிறேல்லை, என்ரை வீட்டிலையும் இல்லை. சோடா கேட்டது என்ரை பிழை. அதின்ரை கருத்து எனக்குத் தெரியாமல் போச்சு."

ஐயா என்னைப் பார்த்தார். "உண்மையோ பிள்ளை?"

"ஓம் ஐயா. நான் எவ்வளவு சண்டை பிடிச்சும் குடிக்கிறாரில்லை."

"சாமியின்ரை பேரைச் சொல்லித்தான் தம்பி எங்களையும் வெளியிலை விட்டவை" என்றார் ஐயா. சத்தம் போடாமல்தான் சொன்னார். பிறகு அவரே கேட்டார்: "உங்கடை கோயில்லை என்ன தருவினம்?"

"பிச்ச பாண் துண்டும் தண்ணியும். சின்னக் கப்பிலை தண்ணி, தட்டிலை வரும். பக்கத்திலை இருக்கிறவர் தட்டைப் பிடிப்பார், நான் எடுப்பன். பிறகு நான் அடுத்தவருக்குப் பிடிப்பன்."

"பக்கத்திலை இருக்கிறவர் ஆரெண்டு கேக்கிறேல்லையோ?"

"இல்லை ஐயா." இவர் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "எனக்குக் கொஞ்சம் தண்ணி தாங்கோ. பைப்புத் தண்ணி. உங்கடை கையாலை."

ஐயா அசையாமல் நின்றார். மாட்டேன் என்றால் என் தங்கையின் கதை அதோடு முடிந்தது. பிறகு அவர் குசினிக்குள் போனார். நாங்களும் பின்னால் போனோம். ஒரு கிளாசை எடுத்து, பைப்பைத் திறந்து, விளிம்பு முட்ட நிரப்பிக் கொடுத்தார். இவர் வாய் வைத்து, முழுவதையும் குடித்தார். குடித்துவிட்டு, வீட்டில் செய்கிற மாதிரியே பைப்பைத் திறந்து கிளாசைக் கழுவப் போனார்.

"விடுங்கோ!"

ஐயா பாய்ந்து வந்து இவரின் மணிக்கட்டைப் பிடித்தார். நான் பயந்தே போனேன்.

"ஊரிலை தேத்தண்ணிக் கடையிலை மற்ற ஆக்கள் குடிச்சிட்டு அப்பிடியே வைச்சிட்டுப் போவினம். நாங்கள் மட்டும்தான் எங்கடை கிளாசைக் கழுவிக் கவிட்டு வைக்கவேணும். என்ரை வீட்டிலை குடிச்ச ஒருத்தரும் கழுவக்கூடாது தம்பி."

இவர் பைப்பைப் பூட்டினார். கிளாஸ் இன்னும் அவர் கையில்தான் இருந்தது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்பிடியே வைச்சிட்டு வாங்கோ" என்றார் ஐயா. "இருந்து கல்யாணத்துக்கு நாள் பாப்பம்."