முடிவுக்கு மிஞ்சாத பிலிம்

ஆதம்பாவா காக்காவைப் படத்தில் நடிக்கக் கூப்பிட்டது நல்லரத்தினம்தான். மட்டக்களப்பில் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்த அவனுக்கும் கூட்டாளிகளுக்கும் அந்த வருஷம் படம் பிடிக்கிற பெட்டியொன்று கிடைத்திருந்தது. சாவி முறுக்கினால் ஓடும், சத்தம் பதியாது. பிள்ளைகள் தனியாக வாவிக்கரைக்குப் போகக் கூடாதென்று ஒரு கதை எடுக்கும்படி அவர்களுக்குப் படிப்பித்த யோகராசா மாஸ்டர் சொல்லியிருந்தார்.

வழி தவறிய சிறுமி கரையில் இருக்கிறாள். யாரோ ஒருவன் அவளை நோக்கி வருகிறான். பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள். கடைசியில் அவன் அவளைப் பத்திரமாகத் தாயிடம் கொண்டுபோய் விடுவான்.

"புள்ளயக் கொண்டுபோய்க் குடுக்கிற ஆளெண்டா நான் வாறன் மனே," என்றார் ஆதம்பாவா. காத்தான்குடியிலிருந்து ஆரையம்பதிக்குக் காப்பு விற்க வருகிற முஸ்லிம் பெரியவர்; அண்ணன் முறையில் ஊரே அவரைக் காக்கா என்றது. அவர் முற்றத்துக்கு வந்தால் பெண்பிள்ளைகள் கூச்சமில்லாமல் கையை நீட்டுவார்கள். சிறுமியாக நடித்த சீதேவிக்கும் அவர்தான் காப்புப் போட்டுவிடுகிறவர்.

எடுக்கத் தொடங்கியதும் நல்லரத்தினத்துக்கு வெறி பிடித்தது. நின்ற உயரத்தில் பெட்டியை வைத்தால் ஆதம்பாவா ஆதம்பாவாவாகவே தெரிந்தார். பயம் வரவில்லை. கரையில் பள்ளம் தோண்டி, ஊறிய தண்ணீரில் வயிறு நனையக் குப்புறக் கிடந்து, கீழேயிருந்து பார்த்தான். சாறன் உடுத்த அந்த மெலிந்த மனிதர் தென்னை உயரத்துக்கு எழுந்தார்.

"கிட்ட வாங்க காக்கா. இன்னும் கிட்ட. கையை நீட்டுங்க."

விரித்த கை வந்து பெட்டியின் கண்ணாடியை மூடியது. பிறகு ஒரு மாட்டுவண்டியின் மாட்டை அவிழ்த்துவிட்டு, அதில் பெட்டியோடு ஏறிக்கொண்டு, கூட்டாளிகளை மெல்ல மெல்லத் தள்ளச் சொல்லிச் சீதேவியின் முதுகை நோக்கி நகர்ந்தான். திருப்தி வராமல் திருப்பித் திருப்பி எடுத்தான். கடைசிக் காட்சிக்கு வைத்திருந்த சுருளும் அதிலேயே தீர்ந்தது. "முடிவு எல்லாருக்கும் தானா விளங்கும்," என்று கூட்டாளிகளிடம் சொன்னான். ஆதம்பாவாவிடம் சொல்லவில்லை.

பிலிம் பம்பாய்க்குப் போய்க் கழுவி வந்தது. ஆரையம்பதிப் பள்ளிக்கூடத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் காட்டினார்கள். அந்தக் கை வேட்டி முழுவதையும் மூடியபோது பிள்ளைகள் கத்தினார்கள். நல்லரத்தினத்துக்கு உடம்பு புல்லரித்தது. படம் அதோடு முடிந்தது. மாஸ்டர் அவன் தோளைத் தட்டினார்.

பின்வரிசை வாங்கிலிருந்து எழுந்து வந்த ஆதம்பாவா தாழ்ந்த குரலில் கேட்டார். "நான் புள்ளயக் குடுக்கிற இடம் வரல்லையே மனே?"

"பிலிம் முடிஞ்சு போச்சு காக்கா."

சொன்னதில் பொய்யில்லை. ஆனாலும் அவர் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

அடுத்த முறை ஆதம்பாவா ஊருக்குள் வந்தபோது, பிள்ளைபிடிகாரன் வாறான் என்று பிள்ளைகள் ஓடினார்கள். படலைகள் சாத்தப்பட்டன. கேள்விப்பட்டு ஓடிவந்த நல்லரத்தினம் அவரைச் சீதேவி வீட்டுக்குக் கூட்டிப்போனான். சீதேவி, தாய் புஸ்பத்தின் சேலைக்குள் கைகளை ஒளித்துக்கொண்டாள்.

"நீ நடிச்ச படம்தானே புள்ள? காக்கா உன்னை என்ன செஞ்சவர்?" என்று கேட்டான் நல்லரத்தினம்.

"எனக்குப் பின்னால இவர் அப்பிடி வந்தது எனக்குத் தெரியாது," என்றாள் சீதேவி.

புஸ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். "கோவிக்காதீங்க காக்கா. அவள் ராவில நித்திரை கொள்ளுறாளில்ல."

நல்லரத்தினம் விடவில்லை. காப்புப் பெட்டியைத் தானே சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய்ப் படத்தின் மீதிக் கதையை வாயால் சொன்னான். பெரியவர்கள் தலையாட்டினார்கள். பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். நாலைந்து வீடு போனதும் ஆதம்பாவா பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"நீ வரவேணாம் மனே. உன்னக் கண்டா எல்லாருக்கும் அந்தப் படம்தான் ஞாபகம் வருகுது."

அதில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

முடிவை எடுக்கலாமென்றால், அதற்குள் உலகச் சண்டை தொடங்கிப் பிலிம் வருவது நின்றுவிட்டது. தேற்றாத்தீவிலும் படத்தைக் காட்டப்போகிறோம் என்று மாஸ்டர் சொன்ன அன்று, நல்லரத்தினம் எல்லார் முன்னாலும் எழுந்து நின்றான்.

"காட்டவேணாம் சேர். முடிவுக்கு வச்ச பிலிமை நான்தான் முடிச்சன். காக்காவுக்குச் சொல்லாமல் முடிச்சன்."

மாஸ்டர் சுருளைத் தகரப் பெட்டியில் போட்டு மூடினார். படப்பெட்டியைப் பிறகு அவன் கையில் கொடுக்கவேயில்லை.

ஆதம்பாவா ஆரையம்பதியை விட்டுக் கதிரவெளிப் பக்கம் போய் விற்கத் தொடங்கினார். தூரம், வயதான உடம்பு. ஒருநாள் பஸ்ஸில் அவனைக் கண்டு, நகர்ந்து இடம் கொடுத்து, "உம்மாக்குச் சுகமா மனே?" என்று விசாரித்தார்.

"ஓம் காக்கா," என்றான் நல்லரத்தினம். பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கும்வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனான்.