சேறு படாத சப்பாத்து

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவருடைய புதுச் சப்பாத்துகளுக்கு மெழுகு பூசியது. ரொக்ஸ்பரோ வீட்டுக் குசினியில், பழைய பேப்பரை விரித்து வைத்து.

"இந்தச் சப்பாத்தைப் போட்டால் யானைகூடச் சறுக்காது" என்றேன்.

"அப்ப என்னை யானை எண்டுறாய்."

அம்மாவின் பெயர் அக்னெஸ். பேசாலையில் பிறந்தவர். இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் இருபது வருடம் பெட்டி கட்டினார். அத்தனை பனிக்காலத்திலும் ஒருநாள்கூட வழுக்கி விழுந்ததில்லை.

எங்கள் கோயில் பங்கு ஆட்களை டனிஸ்ரன் அண்ணை ருவாண்டாவுக்கு, கிபேஹோ மாதாவிடம் யாத்திரை கூட்டிப்போனார். அம்மா பெயர் கொடுத்தது மாதாவுக்காக மட்டுமில்லை. வழியில் நியுங்வே மலைக்காட்டில் ஒருநாள் நடை இருந்தது. அந்தக் காட்டின் குரங்குக் கூட்டங்களையும் மரமளவு உயர்ந்த பன்னச் செடிகளையும் வாரக்கணக்காக ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் காட்டுக்குப் பிந்திப் போனது. அம்மா லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நத்தார் பெருநாளுக்கு முதல் கட்டி முடிப்பியளோ? சிலிப்பரோட வாங்கோ, சின்னப் பாதைதான்" என்றார் டனிஸ்ரன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா வெட்கப்பட்டு, சப்பாத்துகளைப் பஸ்ஸிலேயே விட்டுச் சிலிப்பரோடு இறங்கினார். கூடப்போன ஜென்சி அழுதழுது எனக்குச் சொன்னது இது.

அருவிக்கு இறங்கும் இடத்தில் ஈரவேரில் கால் சறுக்கியது. கீழே பாறை.

நான் லிஃப்ட் திருத்துபவள். ஒன்று ஏன் விழுந்தது என்று கண்டுபிடிப்பது என் தொழில்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. டனிஸ்ரன் என் கையைப் பிடித்தார்.

"மாதாவின்ர சித்தம், தங்கச்சி."

சப்பாத்துகளை அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அடியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"லேஸைக் கட்டுங்கோ அண்ணை. எவ்வளவு நேரம் எடுக்குதெண்டு எல்லாரும் பாக்கட்டும்."

"என்ன பிள்ளை இது? சாப்பிடுற இடம்."

"அண்டைக்கு அம்மாவுக்கு என்ன சொன்னனீங்கள்? அதை இப்ப சொல்லுங்கோ."

"பேந்து கதைப்பம்" என்று எழும்பிப் போனார்.

அவரோடு நான் இனிக் கதைக்கப் போவதில்லை. அம்மாவின் பையில் ஒரு போத்தல் இருக்கிறது. டனிஸ்ரனின் தாய் பிலோமினம்மா, தன் முழங்கால் நோவுக்கு கிபேஹோ ஊற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்துவிட்ட போத்தல். கிபேஹோ போக இருந்தது அம்மா விழுந்ததற்கு மறுநாள். போத்தல் வெறுமையாகவே வீடு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதைப் பிலோமினம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஏன் வெறுமை என்று மகனிடம் கேட்கச் சொல்வேன்.