வீரபாண்டியின் மைலேஜ் கணக்கு

டேங்கின் வாய்வரை டீசல் வந்ததும் வீரபாண்டி வேனின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து ஆட்டுவார். உள்ளே சிக்கிய காற்று குமிழாக வந்து உடையும். டீசல் ஒரு விரற்கடை இறங்கும். மறுபடி ஊற்றச் சொல்வார், மறுபடி ஆட்டுவார். வாயில் டீசல் கண்ணாடிபோல் அசையாமல் நின்றால்தான் அவருக்கு அது நிறைந்த டேங்க்.

பள்ளுருத்தி பம்பில் வேலை பார்த்த பிரதீஷ், "கொச்சு உறங்கியாச்சா சேட்டா?" என்று கேட்பான். குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுகிற மாதிரித்தான் இருக்கும் பார்க்க. வீரபாண்டி சிரிக்கமாட்டார். புறப்படும்போது நிறைத்ததை, திரும்பி வந்ததும் அதே இடத்தில் அதேபோல் நிறைக்கவேண்டும். வழியில் பில்லோடு வாங்கியதையும் கடைசியில் ஊற்றியதையும் கூட்டி, அதால் ஓடிய கிலோமீட்டரை வகுத்தால் மைலேஜ். எல்லாம் மனக்கணக்கு.

வீரபாண்டி கொச்சி மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவர். தொண்ணூற்றெட்டில், ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் அந்தப் பழைய வேனை வாங்கினார். உள்ளே கட்டில், அடுப்பு, பூப்போட்ட திரை எல்லாம் இருந்தன. சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரி வரை போய்வந்தவன் இசக்கிராஜா, மனைவி செல்வலட்சுமியின் தம்பி.

முதலில் லிட்டருக்குப் பதினொன்று கொடுத்த வண்டி பத்துக்கு வந்தது. வீரபாண்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அடுத்த மழைக்காலத்தில் ஒன்பது. அன்று பம்பிலேயே கேட்டுவிட்டார்.

"மாப்ள, மிச்ச டீசலை எங்க வித்த?"

இசக்கிராஜா பிரதீஷைப் பார்த்தான். "அத்தான், இங்க வச்சு வேண்டாம்."

"பின்ன வீட்டுல வச்சு உங்க அக்கா முன்னாடி கேக்கவா?"

இசக்கிராஜா சாவியைச் சட்டையில் துடைத்து இருக்கைமேல் வைத்துவிட்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தான்.

அதன்பிறகு வீரபாண்டியே ஓட்டினார். திரும்பி வந்து டேங்கை நிறைத்தபோது எட்டு. கணக்கு பிசகியதென்று நினைத்து அடுத்த பயணத்தில் மெல்ல, பதமாக ஓட்டினார். அதுவும் எட்டுதான். பிரதீஷ் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

சோறு போடும்போது செல்வலட்சுமி கேட்டாள்: "இப்ப எவ்வளவு கெடைக்குது?"

"பதினொண்ணு."

வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. அவள் குழம்புக் கரண்டியைப் பார்த்தபடி, "அப்ப அவன்தான்" என்றாள். அதற்குப்பின் தம்பிக்கு போன் போடுவதை நிறுத்திக்கொண்டாள். ஓணத்துக்கும் கூப்பிடவில்லை. அவள் தம்பி பேரை எடுக்காத ஒவ்வொரு நாளும் வீரபாண்டி பாதிச் சோற்றோடு எழுந்தார்.

கலூரில் ஒரு மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தபோது விஷயம் வெளிப்பட்டது. "பிஸ்டன் ரிங்கெல்லாம் தேஞ்சு போச்சு அண்ணாச்சி. வருஷக்கணக்கா டீசலைக் குடிச்சிருக்கு. இந்தப் புகையைப் பாத்துமா தெரியல?"

அன்றே மனைவியிடம் பதினொன்று பொய், எட்டுதான் என்று சொன்னார். அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு, "என்கிட்ட சொல்லி என்ன, அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

எர்ணாகுளம் மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான் இசக்கிராஜா. அவரைக் கண்டதும் துண்டை உதறிவிட்டுச் சாயாக்கடைக்குக் கூட்டிப்போனான். வீரபாண்டி கிளாசைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"விடுங்கத்தான். கெழட்டு வண்டி, குடிக்கத்தான் செய்யும்."

"ஒண்ணு மட்டும் புரியல மாப்ள. அதே வண்டிதானே, நீ ஓட்டினப்ப ஒன்பது வந்துச்சே?"

"கால் பதம் வேணும் அத்தான். உங்க கால் லாரிக்குப் பொறந்த கால்." சிரித்தான். சாயாக் காசை அவனே கொடுத்தான்.

மறு மழைக்காலத்தில், ஆலப்புழையிலிருந்து திரும்பும் வழியில், வீரபாண்டி முதல்முறையாக இடக்கொச்சி பம்பில் வண்டியை நிறுத்தினார். பள்ளுருத்திக்குச் சற்று முன்னால் இருக்கிற பம்பு. அங்கிருந்த சஜி வேனை அடையாளம் கண்டுகொண்டான்.

"முன்னெல்லாம் உங்க அளியன் இசக்கிராஜாதானே வருவான்? திரும்பற டிரிப்புக்கெல்லாம் இங்க வந்து சொந்தக் காசுல அஞ்சு லிட்டர் ஊத்திட்டுப் போவான். பில் வேண்டாம்பான். மைலேஜ் குறைஞ்சா அத்தான் மனசு கஷ்டப்படும்னு."