அவருக்கு நான் கீறிய முதுமை

நேற்று சின்னவள் போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, எதையோ தட்டி, “இந்தா பாருங்க அப்பா, எண்பது வயசுல நீங்க” என்று காட்டினாள். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும்தான். ஒரு மனிதரைக் கிழவராக்க எனக்கு ஒருகாலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. அதை உங்களுக்குச் சொன்னதில்லை.

அப்போது உங்கள் அம்மாவை எனக்குத் தெரியாது. கொழும்பில், எங்கள் மட்டக்குளி வீட்டில் இடம் போதாமல், கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்திருந்தேன். கீழே பாண் மணம், மேலே டர்பன்டைன். இன்றைக்கும் சூடான பாணைப் பிய்த்தால் எனக்குப் பெயின்ட்தான் மணக்கும். படிப்பு பாதியில் நின்றது. படம் கீறத் தெரியும், அவ்வளவுதான். துறைமுகத்தைக் கீறிப் பேர் எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன், சிரிக்காதீர்கள். வந்த வேலையெல்லாம் செத்தவர்களின் முகம். அடையாள அட்டைப் படத்தைத் தந்து, சுவரில் மாட்டப் பெரிதாகக் கீறச் சொல்வார்கள். அறை முழுக்க அந்த முகங்கள் காய்ந்துகொண்டிருக்கும். அதனால் ஒருவரும் உள்ளே வந்து உட்காரமாட்டார்கள். பேக்கரி முதலாளியும் வாசலோடுதான். “என்ன ஆர்ட்டிஸ்ட், இன்னைக்கி வீட்டுல எத்தன விருந்தாளி?” என்பார். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் எனக்குத் துணை அவர்கள்தான்.

அந்தப் படங்களில் கீறியவன் பெயர் போடும் வழக்கம் இல்லை. என் பெயரோடு ஒரே ஒரு படமாவது யாருடைய வீட்டிலாவது தொங்க வேண்டும் என்பது அப்போது எனக்கு இருந்த ஒரே ஆசை.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அவருடைய அம்மா அப்போதுதான் காலமாகியிருந்தார். அப்பாவோ இவர் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். இருவரையும் ஒன்றாகக் கீறச் சொன்னார். இருந்த படங்களைப் பார்த்து அப்படியே கீறினேன். வந்து பார்த்தவர் நெஞ்சில் கை வைத்தார்.

“ஐயோ தம்பி, தாயும் மகனும் மாதிரியெல்லோ இருக்கு!”

“அம்மாட வயசு குறைஞ்ச படம் ஒண்டு தாங்க அக்கா, மாத்துறேன்.”

“எங்கை இருக்கு? ஊரிலை வீட்டோடை எரிஞ்சு போச்சு.”

அம்மாவின் இளமையை நான் கண்டதில்லை. அதனால் அப்பாவைக் கிழவராக்கத் துணிந்தேன். வெள்ளவத்தை மார்க்கெட்டிலும் ரயில் பாதைக்கு அப்பால் கடலோரத்திலும் வயதானவர்களைப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். ஒருவரிடமிருந்து தொங்கிய காது, இன்னொருவரிடமிருந்து கழுத்துச் சுருக்கம். ஒரு பெரியவர், “என்ன மகன், நான் ஒங்களுக்குச் சல்லி பாக்கி தரணுமா?” என்றே கேட்டுவிட்டார். அறைக்கு வந்து, அந்த இளம் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நரையைப் பூசினேன். அந்த நாட்களில் எனக்குத் தனிமை தெரியவில்லை. அவர் என்னோடு இருந்தே கிழவரானார்.

டீச்சர் வந்த அன்று படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்தேன். செத்தவரின் முகத்தில் கை வைக்க நீ யார் என்று கேட்பாரோ என்று பயந்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“அப்பாவுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறியள்.”

“அந்த வயசில போட்டிருப்பார்தானே அக்கா.”

“போட்டிருப்பார். ஒவ்வொரு நாளும் அதைத் துலைச்சுப்போட்டு அம்மாட்டைப் பேச்சு வாங்கியிருப்பார்.” சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

அந்தத் தைரியத்தில் கேட்டேன். “மூலையில என்ட பேரைச் சின்னதாப் போடவா?”

“கும்பிடுற படத்திலை பேர் என்னத்துக்குத் தம்பி?” கோபமாகச் சொல்லவில்லை. படத்தைப் பெட்ஷீட்டில் சுற்றித் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்றுதான் முதன்முறையாக அறை வெறுமையாக இருந்தது. மற்ற முகங்கள் எல்லாம் இருந்தன.

போன மாதம் வெள்ளவத்தைப் பக்கம் போனேன். டீச்சரின் வீடு இருந்த இடத்தில் மாடி வீடுகள். டீச்சர் வெளிநாடு போய்விட்டாராம்; எந்த நாடு என்று காவலாளிக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, நினைவிலிருந்து டீச்சரின் அப்பாவைத் திரும்பக் கீறிப் பார்த்தேன். கண்ணாடி வருகிறது, காது வருகிறது. முகம் வரவேயில்லை.