கருடனுக்குப் போட்ட மீன்

மாசி பிறந்து பத்து நாள் இருக்கும். குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் நின்றுவிட்டது. எங்கள் ஊர் மதகுக்குக் கீழே, தண்ணீர் விழுந்து விழுந்து குடைந்த மடுவில் மட்டும் இடுப்பளவு கிடந்தது. கோடை முடியும்வரை ஆற்று மீன் என்றால் அந்த மடுதான். காலையில் பால் வாங்கப் போனபோது அதில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்துகொண்டிருந்தன.

கெண்டை, ஜிலேபி, நாலைந்து விரால். விரால் லேசில் சாகாது, சேற்றுக்குள் கிடந்தே நாளைக் கடத்தும். அதுவும் மல்லாந்து கிடந்தது. கரையில் ஈரத் தவிடு சிந்தியிருந்தது. தவிட்டுக்குள் ஊதா நிறக் குருணை. நெல்லில் குருத்துப்பூச்சிக்கு மணலோடு கலந்து தூவுகிற மருந்து அது. தவிட்டில் பிசைந்து மடுவில் போட்டால் வலை வேண்டியதில்லை. மீன் தானாக மேலே வந்துவிடும்.

தண்ணீருக்குள் எங்கள் பக்கத்துத் தெருக்காரர் நின்றிருந்தார். குத்தகை நிலத்தில் சாகுபடி செய்பவர், அறுவடை முடிந்தால் மதகடியில் மீன் விற்பவர். வால் அசைத்த மீன்கள் அன்னக்கூடைக்குப் போயின. விறைத்தவற்றைக் கரையில் எறிந்தார்.

“யார் மருந்து போட்டது?” என்று கேட்டேன்.

“எனக்கென்னக்கா தெரியும்? வந்து பாத்தேன், மெதக்குது.”

“கரையில போடறது யாருக்கு?”

“மனுஷனுக்கா விப்பேன்? அந்தப் பாவம் எனக்கெதுக்கு? அது கருடனுக்கு.”

“கருடனுக்கு விஷம் ஏறாதா?”

அவர் சிரித்தார். “பாம்பையே முழுங்கறவருக்கு இது எம்மாத்திரம்? பேப்பர் ஆபீஸ்ல இருந்தீங்க, இது தெரியலியே.”

கருடன் என்று அவர் சொன்னது செம்பருந்தை. வெள்ளை மார்பு, செங்கல் நிற முதுகு. அது தலைக்கு மேலே வட்டமிட்டால் எங்கள் ஊரில் சைக்கிளை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எதிர்க்கரை அரசமரத்தில் ஒரு ஜோடி கூடு கட்டியிருந்தது. முந்தைய இரண்டு வருஷமும் அடைகாத்ததோடு சரி, குஞ்சு வரவில்லை. ஏன் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இந்த வருஷம் ஒரே ஒரு குஞ்சு. மொட்டைமாடியிலிருந்து பைனாகுலரில் அதன் தலை தெரியும். இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் பறந்துவிடும். அது பறப்பதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மாதம் எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

கரையில் எறிந்த மீனைப் புதைக்க அவரிடம் சொல்லிவிட்டுப் போன் செய்ய வீட்டுக்கு ஓடினேன். முதல் அலுவலகத்தில், மீன் எங்களுடையது, ஆறு எங்களுடையதல்ல என்றார்கள். இரண்டாவதில், ஆறு எங்களுடையது, மருந்து எங்களுடையதல்ல. மூன்றாவதில், அது பயிருக்கு அடிக்கிற மருந்துதானே, அதை வாங்கினால் என்ன குற்றம் என்று கேட்டார்கள். நான்காவது, பறவைகளைப் பார்க்கிற அலுவலகம். அங்கே இருந்தவர் மரியாதையாகவே பேசினார்.

“செத்த பறவை இருந்தா கொண்டாங்க மேடம், டெஸ்டுக்கு அனுப்பலாம். உயிரோட இருக்கறதுக்கு என்ன ஆக்‌ஷன் எடுக்கறது?”

பழக்கதோஷத்தில் அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதிவைத்தேன். திரும்பிப் போனபோது மீன்கள் கரையிலேயே கிடந்தன. தாய்ப்பறவை ஒரு கெண்டையோடு கூட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம் அது அரசமரத்தடியில் கிடந்தது. இறக்கை இரண்டும் விரிந்திருந்தன. கால்விரல்கள் முஷ்டி போல இறுகியிருந்தன. கண் மட்டும் அசைந்தது. அட்டைப்பெட்டி எடுத்துவருவதற்குள் செத்துவிட்டது. அதற்குள் பத்துப் பேர் கூடி, பறவைக்கு மஞ்சள் பூசிப் புதுத்துணி சுற்றியிருந்தார்கள். குழி வெட்டியாகிவிட்டது. சூடமும் தேங்காயும் தயாராக இருந்தன. செத்த கருடனை அப்படி அடக்கம் செய்யாவிட்டால் ஊருக்கு ஆகாதாம்.

“டெஸ்டுக்கு வேணும், கொடுத்துடுங்க” என்றேன்.

“கருடனை அறுக்கறதா?” மீன்காரர் குரலை உயர்த்தினார். “நல்லா இருக்கே நீங்க பேசறது! கோழியா அது?”

அவர்தான் குழியில் பால் ஊற்றினார். பாக்கெட்டைக் கடித்துக் கிழித்து ஊற்றும்போது அழுதார், நிஜமாகவே அழுதார். அவருடைய விரல் நகங்களில் ஊதாக் கறை இருந்தது. கரையில் சிந்திய தவிட்டிலிருந்து ஒட்டியிருக்கலாம். பார்த்ததை எழுதுகிறேன், அதற்கு மேல் இல்லை. ஆனால் அந்தக் கண்ணீரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே சாட்சியை மஞ்சள் துணியில் சுற்றி மண்ணில் போட்டு மூடிவிட்டார்கள், அதுவும் பக்தியோடு.

கரையில் கிடந்த மீனையெல்லாம் நானே மண்வெட்டியால் புதைத்தேன். மடுவில் மிதந்ததை என்ன செய்வது? ஆண்பறவை அங்கேதான் இறங்கியது. இரண்டு நாள் கரையில் நின்று அதைக் கல்லெறிந்து விரட்டினேன். அது பிழைக்க வேண்டும் என்று அதன் மேலேயே கல்லெறிந்தேன். தெருவில் பேச்சு கிளம்பியது: கருடனைக் கல்லால் அடிக்கிற பொம்பளை. மருந்து போட்டது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் சாப்பிடப் போன நேரங்களில் அது மீன் எடுத்தது.

மூன்றாம் நாள் காலை கூட்டிலிருந்து சத்தம் இல்லை. குஞ்சு மரத்தடியில் செத்துக் கிடந்தது. பஞ்சு போன்ற தூவிக்கு நடுவே அப்போதுதான் இறகுக் குருத்து முளைத்திருந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றி, அந்த அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு மதகடிக்குப் போனேன். அந்தப் பக்கம் ஐஸ் மீன்காரரிடம்தான் இருந்தது.

தாளைப் பிரித்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

“குஞ்சுதானேக்கா” என்றார். “குஞ்சுக்கு விஷத்தைத் தாங்கற சக்தி வந்திருக்காது.”

“இதை அறுக்கலாமா?”

“இதுக்கு என்ன சடங்கு இருக்கு? எடுத்துட்டுப் போங்க.” இரண்டு கை ஐஸ் அள்ளிப் பெட்டியில் போட்டார். காசு வேண்டாம் என்றார்.

பாபநாசத்தில் பஸ் ஏறித் தஞ்சாவூர் போய் நான்காவது அலுவலகத்தில் பெட்டியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். பல வாரம் அலைந்தபின் அறிக்கை கிடைத்தது. குஞ்சின் இரைப்பையில் மீன். மீனில் மருந்து. குருணைப் பை மேல் அச்சடித்திருக்கும் அதே பெயர். நான்கு அலுவலகத்துக்கும் நகல் அனுப்பினேன். ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது: மருந்தை இட்டவர் யார் எனத் தெரியாததால் மேல்நடவடிக்கைக்கு வழியில்லை. மடுவைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

மதகடிக்குப் போய் மீன்காரரிடம் அறிக்கையை வாசித்துக் காட்டினேன். தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“அப்ப பெரிய கருடனும் இதனாலதானா?”

“ஆமாம்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா?”

நான் முதல் நாளே கேட்டிருந்தேன். அவர் அதற்குச் சிரித்திருந்தார். அதை அவருக்கு நினைவுபடுத்தினேன். அவர் தராசை எடுத்து, வாங்க வந்தவருக்கு மீனை நிறுத்துப் போட்டார்.